லிஸ்பனில் கிடந்த பாலபாடம்

சென்ற மாதம் எங்கள் லோதி ரோடு வீட்டில் ஒரு சிறிய வழக்கு நடந்தது. வாதி, அடுத்த வீட்டு மாமா. பிரதிவாதி, எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி. தீர்ப்புச் சொல்ல வேண்டியவன் நான்.

விஷயம் இதுதான். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்கப் போயிருந்தேன். பாட்டி புளி வாங்கி வரச் சொன்னதாகப் பேத்தி என் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினாள். மொழி தமிழ், எழுத்து ஆங்கிலம். கண்ணாடி போடாமல் அதை உரக்கப் படித்தேன். "புலி ஒரு கிலோ" என்று என் வாயில் வந்தது. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர், தமிழ் தெரிந்தவர். "சார், அது மிருகக்காட்சி சாலையில்தான் கிடைக்கும்" என்றார். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். அப்போது அங்கிருந்த மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவதைவிட எழுதாமலே இருக்கலாம்" என்று அவர் சொல்ல, குழந்தை திருப்பிக் கேட்டாள்: "மாமா, எழுதாமலே இருந்தால் என்ன மிஞ்சும்?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இந்த வழக்குக்கு வயது நானூற்றெழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது என்பதை மட்டும் அவர்களிடம் சொன்னேன். அன்று சொல்லாமல் விட்ட மீதிக் கதையை நம் சங்க அன்பர்களுக்கு இங்கே எழுதுகிறேன்.

தமிழில் அச்சான முதல் நூல் எது என்று கேட்டால் பலரும் 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்பார்கள். தமிழ் எழுத்தில் அச்சான நூல் என்ற வகையில் அது சரியே. ஆனால் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்பே, 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகிவிட்டது. அதில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை. தமிழ்ச் சொற்கள் முழுவதும் உரோமானிய எழுத்தில் இருக்கும். கூடவே சொல்லுக்குச் சொல் போர்த்துகீசியப் பொருள். கறுப்பு, சிவப்பு என்று இரண்டு மை. பெயர் 'கார்டிலா'. போர்த்துகீசிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பாலபாடம், அதாவது முதல் பாடப் புத்தகம் என்று பொருள். கிறிஸ்தவ செபங்களைக் கற்பிக்கும் சிறு நூல் அது.

அதை உருவாக்கியவர்கள் யார் தெரியுமா? வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கார்வாலோ, தோமா டா குரூஸ். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ண வேண்டாம். மூவரும் லிஸ்பனில் இருந்த நம் நாட்டவர், தமிழ் பேசியவர்கள். ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர்கள்தாம் இவை. ஊரை விட்டு எத்தனையோ கடல் தாண்டிப் போன மூன்று பேர், தம் மொழியை அந்த ஊர் அச்சுக்கூடத்தில் இருந்த எழுத்தில் எழுதினார்கள். அங்கே தமிழ் அச்செழுத்து கிடையாது. இருந்ததைக் கொண்டு எழுதினார்கள். என் பேத்தி செய்ததும் ஏறக்குறைய அதுவே.

இந்த நூல் போர்ச்சுகலில் புத்தக வரலாறு எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. தெரியாமல் இருந்தது நமக்குத்தான். நமக்குத் தெரியச் செய்தவர் சேவியர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் 1913-ல் யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைத் தீவில் கரம்பொன் என்ற ஊரில் பிறந்தவர். யாழ்ப்பாணத்தில் பள்ளிப்படிப்பு, பிறகு கொழும்பு, ரோமாபுரி என்று குருத்துவக் கல்வி. இலத்தீன், இத்தாலியம், போர்த்துகீசியம் முதலிய மொழிகள் கைவந்தவர். ஆனால் தமிழ் இலக்கியத்தை முறையாகப் பாடம் கேட்டது ஏறக்குறைய முப்பது வயதை நெருங்கும்போதுதான். திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றிய நாளில், பண்டிதர் ஒருவரிடம் மாணவனாக உட்கார்ந்து படித்தார். பின்னர் 1945-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து எம்.ஏ.யும், சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆராய்ந்து எம்.லிட்.டும் பெற்றார். "இனிமேல் எங்கே தமிழ் படிப்பது, வயதாகிவிட்டது" என்று நம் கூட்டங்களில் அங்கலாய்க்கும் அன்பர்கள் இந்த இடத்தை மறுமுறை படிக்கலாம்!

1952-ல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில முத்திங்கள் இதழை அவர் தொடங்கினார். 1954-ல் அதில் ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்க் கையெழுத்துச் சுவடிகளைப் பற்றியும், 1958-ல் தமிழில் முதன்முதல் அச்சான நூல்களைப் பற்றியும் கட்டுரைகள் எழுதினார். லிஸ்பன், ரோம், பாரீஸ் என்று நூலகம் நூலகமாக ஏறி இறங்கியதன் பயன் அவை.

இதில் என்ன பெரிய காரியம், பட்டியலைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். பட்டியலில்தான் சிக்கல். அக்காலத்து ஐரோப்பியர் பலர் தமிழை 'மலபார் மொழி' என்றே எழுதினார்கள். தமிழ் என்ற சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் அவை படமாட்டா. மலபார் என்றால் மலையாளம் என்று கருதி மலையாள அறிஞர் எடுத்துப் பார்த்தாலும் அவருக்குப் பயன்படாது. நூலகருக்கோ அந்த எழுத்தே தெரியாது. ஆகவே பெட்டியைத் திறந்து, ஏட்டைக் கையில் எடுத்து, தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்துப் பார்த்தால்தான் உண்டு. தலைப்பில் போர்த்துகீசியமும் உள்ளே தமிழும் இருக்கையில் இரண்டும் தெரிந்தவர் வேண்டும். அப்படிப்பட்டவர் எத்தனை பேர்? 'அடிகளார் கண்டுபிடித்தார்' என்று மேடைகளில் சொல்வார்கள். 'கண்டுகொண்டார்' என்பதே பொருந்தும் என்பது என் எண்ணம். புத்தகம் தொலைந்து போகவில்லை, அடையாளம்தான் தொலைந்திருந்தது.

எந்தெந்த நூல் எங்கெங்கே கிடந்தது என்று பாருங்கள். தம்பிரான் வணக்கம், பதினாறே பக்கம், அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். 1579-ல் கொச்சியில் அச்சான 'கிரிசித்தியானி வணக்கம்' பாரீஸில். 1586-ல் அச்சான 'அடியார் வரலாறு' வத்திக்கான் நூலகத்தில். இம்மூன்றையும் எழுதிய ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியார் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் முத்துக்குளித்துறையில் வாழ்ந்தவர். அவர் எழுதிய தமிழ் இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜம் அம்மையாரும் சேர்ந்து அதை ஆங்கிலமாக்கி விளக்கத்துடன் 2013-ல் வெளியிட்டார்கள். அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் நம் கடற்கரைப் பரதவர்கள். அவர்கள் பணத்தில் அச்சாகி, அவர்கள் ஊரில் ஒரு பிரதிகூட மிஞ்சாமல் போன நூல்கள் இவை. கறையானும் கடற்காற்றும் நம் ஊர்ப் பிரதிகளைத் தின்றுவிட்டன. குளிர் நாட்டு அலமாரிகள் காப்பாற்றின.

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது ஓர் அகராதி. அந்தம் தெ ப்ரோயென்சா என்ற பாதிரியார் தொகுத்த தமிழ்-போர்த்துகீசிய அகராதி அது. அவர் 1666-லேயே காலமாகிவிட்டார். 1679-ல் திருச்சூர்ப் பக்கத்து அம்பலக்காட்டில் அது அச்சாயிற்று. எழுத்துகளை மரத்தில் செதுக்கிக் கொடுத்தவர் இக்னேசியஸ் ஐச்சாமணி என்ற நம்மவர். பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். மிஞ்சியது ஒரே பிரதி, அதுவும் வத்திக்கானில். அதை அடிகளார் அப்படியே படமெடுத்து 1966-ல் கோலாலம்பூரில் வெளியிடச் செய்தார். அப்போது அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறைத் தலைவர்.

அந்த அகராதியின் அருமை என்னவென்றால், நிகண்டுகளைப் போலப் புலவர் சொற்களோடு அது நின்றுவிடவில்லை. தெருவில், வீட்டில், சந்தையில் பேசிய சொற்களும் அதில் உண்டு. உரோமானிய எழுத்தில் எழுதிய கார்டிலாவுக்கும் அப்படி ஒரு பயன் உண்டு. நம் எழுத்தில் 'க' ஒன்றுதான். 'கடல்' என்பதில் ஓர் ஒலி, 'தங்கம்' என்பதில் வேறோர் ஒலி, 'பகல்' என்பதில் இன்னோர் ஒலி. தமிழ் எழுத்து இதைக் காட்டாது, காட்டத் தேவையும் இல்லை. அயல் எழுத்தில் எழுதினவன் காதில் விழுந்தபடி எழுதுவான். ஆகையால் நானூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் நம்மவர் வாயில் தமிழ் எப்படி ஒலித்தது என்பதற்குக் கார்டிலா ஒரு சாட்சி. மறுபக்கம், ழகரத்துக்கு உரோமானிய எழுத்தில் இடம் இல்லை; லகர ளகர வேறுபாடும் இல்லை. புளி புலியாகும் ஆபத்து அன்றும் இருந்தது.

இப்படி ஒரு மக்களின் ஏடு அயலார் அலமாரியில் கிடப்பது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்களை எடுத்துக்கொள்வோம். நாம் பள்ளியில் எஸ்கிமோக்கள் என்று படித்தோமே, அவர்கள்தாம். அந்தப் பெயரை அவர்கள் விரும்புவதில்லை. 1760-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டுக் குடியிருந்த ஜெர்மானிய மொரேவியச் சபையார், 1771-ல் லாப்ரடார் கடற்கரையில் இனுயிட் மக்களிடையே நிலையம் அமைத்தார்கள். அங்கே உரோமானிய எழுத்தில் எழுதப் படிக்கக் கற்பித்தார்கள். அப்படிக் கற்ற ஒருவர் ஆபிரகாம், வயலின் வாசிப்பார். 1880-ல் ஐரோப்பிய வியாபாரி ஒருவரின் ஆட்கள் அவரையும் மனைவி, இரு பெண் குழந்தைகள் உட்பட எண்மரையும் கப்பலேற்றிக் கொண்டுபோய், மிருகக்காட்சி சாலைகளில் மனிதக் காட்சியாக வைத்தார்கள். அம்மைப்பால் குத்தவில்லை. 1881 ஜனவரிக்குள் எண்மரும் பெரியம்மையில் இறந்தார்கள்.

ஆனால் ஆபிரகாம் தம் மொழியில் நாட்குறிப்பு எழுதியிருந்தார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை, காட்சிப் பொருளாக நின்றவர் பார்த்து எழுதிய குறிப்பு! மூலம் தொலைந்துவிட்டது. பாதிரியார் ஒருவர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பு, அமெரிக்காவில் பெத்லகேம் என்ற ஊரின் மொரேவிய ஆவணக் காப்பகத்தில் கிடந்தது. கார்த் டெய்லர் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் அதை 1980-ல் கண்டார். 2005-ல் ஆங்கிலத்தில் நூலாயிற்று. அதன் பிறகு பிரான்ஸ் ரிவே என்ற பெண்மணி அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டே தேடிப்போய், ஆபிரகாமின் எலும்புகள் பாரீஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதை உறுதிசெய்து 2014-ல் புத்தகம் எழுதினார். நூறாண்டுக்கு மேல் அவர் எங்கே போனார் என்று ஊராருக்குத் தெரியாது. ஒரு மொழிபெயர்ப்புக் காகிதம் தெரியவைத்தது.

எழுத்து வழக்கு அவர்களிடமும் உண்டு. கனடாவின் கிழக்கு ஆர்க்டிக் பகுதி இனுயிட்டுகள் பலர் வேறொரு எழுத்தில் எழுதுகிறார்கள். ஓர் உருவத்தை நாற்புறமும் திருப்பினால் உயிர் மாறும். நம் உயிர்மெய்யை நினைவூட்டும் முறை. லாப்ரடாரில் உரோமானிய எழுத்து. எல்லார்க்கும் பொதுவாக ஓர் உரோமானிய எழுத்துமுறையை 2019-ல் அவர்களுடைய தேசிய அமைப்பு ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்தை விடமாட்டோம் என்பவர்களும் இருக்கிறார்கள். அடுத்த வீட்டு மாமாக்கள் எல்லா ஊரிலும் உண்டு போலும்.

அடிகளாருக்கு வருவோம். அவர் கதையில் நம் தில்லிக்கும் ஓர் இடம் உண்டு. 1964 ஜனவரியில் கீழ்த்திசை அறிஞர்களின் உலக மாநாடு இங்கே நடந்தது. அதற்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஜனவரி 7-ஆம் நாள் ஒன்றாகக் கூட்டி, வ.அய். சுப்பிரமணியம் முதலியோருடன் சேர்ந்து அடிகளார் தொடங்கியதுதான் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா முதல் தலைவர். 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. 1968-ல் சென்னையில் இரண்டாவது. எல்லாம் தில்லிக் குளிரில் போட்ட விதை என்று நாம் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அடிகளார் 1980 செப்டம்பர் 1-ஆம் நாள் மறைந்தார். ஒன்பது மாதம் கழித்து, 1981 ஜூன் 1-ஆம் நாள் இரவில், யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் அதில் இருந்தன. லிஸ்பனிலும் ரோமிலும் இருப்பது நம் பொருள், நம்மிடம் வர வேண்டும் என்று ரோஷத்தோடு பேசுகிறவன்தான் நானும். அந்த நாளை நினைத்தால் மட்டும் பேச்சு நின்றுவிடும்.

சரி, தீர்ப்பு என்ன என்கிறீர்களா? பேத்தி கேட்டது சரி: மூன்று பேர் கிடைத்த எழுத்தில் எழுதியதால் கார்டிலா மிஞ்சியது. மாமா சொன்னதும் சரி: கடற்கரை மக்கள் தாமே எடுத்துப் படிக்க, தமிழ் எழுத்தில் நூல் வரும்வரை இருபத்துநான்கு ஆண்டு காத்திருந்தார்கள். ஆகவே அவள் செய்தி அனுப்பட்டும். படிக்கவும் கற்கட்டும் என்று ராஜி செய்தேன்.

இதற்காக ஒரு பழைய பொட்டலத்தை எடுத்திருக்கிறேன். என் தகப்பனார் கரோல்பாகில் குடியிருந்தபோது ஊருக்கு எழுதிய இன்லண்ட் கடிதங்கள், முப்பத்திரண்டு. என் அத்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று என்று பேத்தியும் நானும் படிக்கிறோம். அந்தக் காலத்துக் கூட்டெழுத்து; மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கமாட்டார். தம்பிரான் வணக்கத்திலும் புள்ளி கிடையாது என்று சொன்னபோது அவள் நம்பவில்லை. அதன் படத்தைக் காட்டினேன். "அப்ப தாத்தாவோட அப்பா தப்பா எழுதல" என்றாள். இதுவரை நான்கு கடிதம் முடிந்திருக்கிறது. ஐந்தாவதில் ஒரு சொல் இருவருக்கும் பிடிபடவில்லை, மாமாவைக் கூப்பிட்டிருக்கிறோம்.