டபுள் மார்க்கர் தாளைப் பார்த்ததும் கலைக்க ஓடாதீர்கள்

மேலூரிலிருந்தோ திருமங்கலத்திலிருந்தோ மூன்றாம் மாத ஸ்கேனுக்கு மதுரை வரும் பெண்ணுக்கு டவுன் சிண்ட்ரோம் வாய்ப்பைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘டபுள் மார்க்கர் – ஹை ரிஸ்க்’ என்று ரிப்போர்ட் வருகிறது. அவள் ஊர் போய்ச் சேர்வதற்குள் கலைத்துவிடலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் முடிவெடுத்துவிடுகிறார்கள். இந்த அவசரத்தில் நலமான கருவும் கலைந்துபோகலாம்.

நம்பிக்கை: ஹை ரிஸ்க் என்றால் பிள்ளைக்குக் குறை உறுதி.

உண்மை: தாளில் 1:200 என்று இருந்தால், அதே எண் வந்த 200 பேரில் ஒருவரின் குழந்தைக்கே டவுன் சிண்ட்ரோம் இருக்கும், 199 பேருக்கு இருக்காது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்துச் செய்யும் என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனையும் இறுதியானதல்ல. அது பார்ப்பது பெரும்பாலும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வை, அங்குள்ள மாற்றம் குழந்தையிடம் இல்லாமலும் போகலாம். 40 வயதில் டவுன் சிண்ட்ரோம் என்று பாசிட்டிவ் வந்தால் பத்தில் ஒன்பது உண்மையாக இருக்கும். 25 வயதிலோ ஏறக்குறைய பாதிதான்.

நம்பிக்கை: பனிக்குட நீர் எடுக்க ஊசி குத்தினால் கரு கலைந்துவிடும்.

உண்மை: உறுதி சொல்வது இந்த ஊசிதான். 15 வாரம் முடிந்தபின், ஸ்கேனில் பார்த்தபடியே நீரை எடுப்பார்கள். தேர்ந்த கைகளில் கரு கலையும் வாய்ப்பு 200-இல் ஒன்றுக்கும் குறைவு. இது சட்டவிரோதமும் அல்ல. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பாலினம் கண்டு சொல்வதை. பெண் சிசுக்களைப் பறிகொடுத்த உசிலம்பட்டிப் பக்கம் அந்தத் தடை ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மையத்தில் குரோமோசோம் கோளாறைச் சோதிக்க அதே சட்டம் இடம் தருகிறது.

நம்பிக்கை: தாய்மாமனைக் கட்டியதால் வந்த வினை.

உண்மை: டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது 21-ஆம் குரோமோசோம் சரியாகப் பிரியாததால் வருகிறது. தாயின் வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும். சொந்தத்தில் கட்டினால் அதிகரிப்பது வேறு வகைப் பரம்பரை நோய்கள். அந்தப் பெண்மீது பழி போடுவது அநியாயம்.

நம்பிக்கை: 20 வாரம் தாண்டினால் வழியே இல்லை.

உண்மை: கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி, கருவில் கடுமையான குறை இருந்தால் இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு 24 வாரம் வரையும், அதற்குப் பின் மருத்துவக் குழுவின் அனுமதியோடும் கருக்கலைப்பு செய்யலாம். ஆகவே உறுதிசெய்ய அவகாசம் இருக்கிறது. குறை உறுதியானபின்னும் பெற்றுக்கொள்ளலாம். டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் கோளாறு இருக்கும், பலவற்றை அறுவை சிகிச்சையில் சரிசெய்ய முடிகிறது. எந்த முடிவானாலும் 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டுமே சட்டத்துக்குப் போதும். கணவரும் மாமியாரும் கூடவே மருத்துவரிடம் போய்க் கேளுங்கள். முடிவை அவளிடம் விடுங்கள்.