பாறையில் ஏற எந்த டயர்? செங்கல்பட்டு இளைஞருக்கு ஒரு தொழில் கையேடு

தார், ஜிம்னி, கூர்க்கா என்று நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வைத்திருப்பவர் டயர் கடைக்குள் நுழைந்ததும் பெரும்பாலும் சொல்வது இதுதான்: “இருக்கிறதிலேயே பெரிசா, முரட்டுத்தனமா ஒரு செட் போடுங்க.” உடனே பில் போடுகிறவர் சரக்கு விற்கிறார். “வண்டி எங்கே போகும் சார்?” என்று திருப்பிக் கேட்கிறவர் தொழில் செய்கிறார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைக் கேட்க விரும்புகிறவர்களுக்கு: டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பவர், ஐ.டி.ஐ. முடிக்கப்போகிறவர், சர்வீஸ் அட்வைசர், சோதனை வண்டிகளில் வேலை பார்க்க ஆசைப்படுகிறவர்.

இதைக் கற்கச் செங்கல்பட்டைவிட வசதியான ஊர் குறைவு. மகிந்திரா சிட்டியில் 2012 முதல் மகிந்திரா ரிசர்ச் வேலி இயங்குகிறது. 454 ஏக்கரில் அதே நிறுவனத்தின் எஸ்.யூ.வி. சோதனைத் தடமும் இருக்கிறது. பக்கத்து ஒரகடத்தில் அப்போலோ டயர் ஆலையும், மத்திய அரசின் வாகன ஆராய்ச்சி மையமும் இருக்கின்றன. சுற்றிலும் கல்குவாரிகள், கிழக்கே மணல், நடுவே பாலாறு. ஒரு டயருக்கு வரக்கூடிய சோதனைகள் அநேகமாக எல்லாமே ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்கும்.

1. எந்தப் பாறை என்று கேளுங்கள்

“பாறை” என்று வாடிக்கையாளர் சொன்னால் பேச்சு அங்கே முடிவதில்லை. நம் வட்டாரத்தில் பாறை இரண்டு வகை.

முதல் வகை, காலங்காலமாக வெயிலும் மழையும் தேய்த்து உருட்டிய குண்டுப் பாறை. திருக்கழுக்குன்றம், திருப்போரூர் பக்கத்துக் குன்றுகளில் பார்க்கலாம். மேற்பரப்பு மொழுமொழுவென்று இருக்கும். இங்கே பிரச்சினை வழுக்கல். டயரின் ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், டிரெட் கட்டிகளின் மேல் மெல்லிய கீறல்கள் நிறைய வேண்டும், காற்றைக் குறைத்தால் டயர் பாறையைச் சுற்றி மடங்கிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது வகை, குவாரியில் வெடிவைத்து உடைத்த புதுக்கல். இந்தப் பகுதியில் கிடைக்கும் சார்னோகைட் மிகக் கடினமான கல். உடைந்த விளிம்பு கத்திபோல் இருக்கும். இங்கே பிரச்சினை வெட்டு. கெட்டியான, வெட்டுத் தாங்கும் ரப்பர் வேண்டும். கட்டிகளின் இடுக்கில் ஜல்லி மாட்டிக்கொண்டு உள்ளே துளைக்காமல் வெளியே தள்ளும் அமைப்பு வேண்டும். காற்றை அதிகம் குறைக்கவும் கூடாது. குறைத்தால் சைடு வால் புடைத்து, கல்லின் விளிம்புக்கு நேராகப் போய் நிற்கும்.

ஆக, குன்றில் சிறப்பாக ஏறும் டயர் குவாரிப் பாதையில் சீக்கிரம் கிழியலாம். குவாரிக்குத் தினமும் போகும் மேற்பார்வையாளரின் பொலேரோவுக்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்பாதையில் இறங்கும் தாருக்கும் ஒரே டயரைக் காட்டாதீர்கள்.

குவாரி லோடர் டயர் விற்கும் கடையில் சேர்ந்தால் இந்தப் பாடம் எழுத்தாகவே டயரில் இருக்கும். எல்-3 என்றால் பாறைக்கான சாதாரண டிரெட் ஆழம். எல்-4 அதைப்போல் ஒன்றரை மடங்கு, எல்-5 இரண்டரை மடங்கு ஆழம். ஆழம் கூடினால் ஆயுள் கூடும். ஓடும்போது சூடும் கூடும். அதனால் நீண்ட தூரம் ஓடும் வண்டிக்கு எல்-5 ஏற்றதல்ல.

2. எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

2020-இல் வந்த தாரில் விலை குறைந்த ரகத்துக்கு 245/75 ஆர்16, உயர்ந்த ரகத்துக்கு 255/65 ஆர்18. இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

245/75 ஆர்16: அகலம் 245 மி.மீ. அதில் 75 சதவீதம், அதாவது சுமார் 184 மி.மீ. சைடு வால் உயரம். 16 அங்குல ரிம்மைச் சேர்த்தால் மொத்த விட்டம் சுமார் 774 மி.மீ.

255/65 ஆர்18: சைடு வால் சுமார் 166 மி.மீ. மொத்த விட்டம் சுமார் 789 மி.மீ.

பார்வைக்கு 18 அங்குல அலாய்தான் கம்பீரம். பாறைக்கு 16 அங்குல இரும்பு டிஸ்க்தான் உதவும். காற்றைக் குறைத்தால் மடங்குவதற்கு 18 மி.மீ. கூடுதல் ரப்பர் இருக்கிறது. ரிம் கல்லில் இடித்தாலும் அலாய் விரிசல் விடக்கூடும். இரும்பு பெரும்பாலும் நசுங்கும், தட்டி நிமிர்த்த முடிகிற அளவுக்கு. விலை அதிகமான ரகம் வைத்திருப்பவரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தால் உங்கள் மதிப்பு உயரும்.

இனி, “33 அங்குலம் போடலாமா?” என்பார்கள். 285/75 ஆர்16 போட்டால் விட்டம் சுமார் 834 மி.மீ. 245/75 ஆர்16-ஐ விட 60 மி.மீ. அதிகம். ஆனால் ஆக்சில் உயர்வது அதில் பாதி, 30 மி.மீ. மட்டுமே. அதற்குக் கொடுக்கும் விலை: ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையான வேகம் ஏறக்குறைய 65. லோ ரேஞ்சில் வண்டி ஊர்ந்து போகும் வேகம் சுமார் 8 சதவீதம் கூடும். பாறை ஏறும்போது நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் டயர் ஃபெண்டரில் உரசலாம். பிரேக்குக்கு வேலை அதிகம். மைலேஜ் குறையும். இந்தக் கணக்கை வாடிக்கையாளர் முன்னால் பேனாவால் போட்டுக் காட்டுங்கள். முடிவை அவர் எடுக்கட்டும்.

3. எச்.டி., ஏ.டி., எம்.டி.

எச்.டி. ரக டயர் தார்ச்சாலைக்கு. ஏ.டி. சாலை பாதி, மண் பாதி. எம்.டி. சேற்றுக்கும் பாறைக்கும்; சாலையில் இரைச்சல் போடும், சீக்கிரம் தேயும், மழையில் தார்ச்சாலையில் பிரேக் தூரம் கூடும்.

வாரத்தில் ஐந்து நாள் ஜி.எஸ்.டி. சாலையில் அலுவலகம் போய், மாதத்தில் ஒரு நாள் காட்டுப்பாதை போகிறவருக்கு ஏ.டி. போதும். அதிலேயே சைடு வாலில் மூன்று அடுக்கு நூல் உள்ளதா, தோள்பட்டைக் கட்டிகள் பக்கவாட்டில் இறங்கி வருகின்றனவா என்று பாருங்கள். பாறைக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த இரண்டிலேயே இருக்கிறது. கலிஃபோர்னியாவின் ரூபிகான் தடம், யூட்டாவின் மோவாப் போன்ற இடங்களில் பாறை ஏறுவதையே விளையாட்டாக வைத்திருப்பவர்கள் போடும் மிக மென்மையான டயர்களுக்கு நம் தார்ச்சாலைச் சூட்டில் ஆயுள் குறைவு.

4. கனத்துக்கு ஏற்ற டயர்

டயரில் அளவை அடுத்து 112எஸ் என்பதுபோல் ஓர் எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் சுமை: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ தாங்கும். எழுத்து வேகம்: கியூ 160, எஸ் 180, டி 190 கி.மீ. கம்பெனி கொடுத்த சுமை எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

அதற்காக அளவுக்கு மீறி மேலே போவதும் தவறு. ஐந்து கதவு ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோதான். அதற்குப் பத்து அடுக்கு வலுவுள்ள லாரி ரக டயரைப் போட்டால், காற்றைக் குறைத்தாலும் அது மடங்காது. பாறைமேல் மரக்கட்டைபோல் உருளும். கனத்த டயர் கனத்த வண்டிக்கு, கூரைமேல் சாமான் ஏற்றுகிறவருக்கு. இலகுவான வண்டிக்கு இலகுவான டயர்.

கடைசியாகத் தேதி. சைடு வாலில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் நீங்களே காட்டிவிடுங்கள்.

5. காற்றுதான் பாதி டயர்

ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய எம்.டி. டயரில் சாலைக்கான காற்றை அப்படியே வைத்துக்கொண்டு பாறை ஏறுகிறவரை, சாதாரண ஏ.டி.யில் காற்றைக் குறைத்தவர் முந்துவார். காற்று குறைந்தால் டயர் தரையில் படும் நீளம் கூடுகிறது. கல்லின் வடிவத்துக்கு ரப்பர் வளைந்துகொடுக்கிறது.

சாதாரண ரிம்மில் பாறைக்கும் மணலுக்கும் 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கலாம். அதற்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும் ஆபத்து உண்டு. விளிம்பைப் போல்ட் போட்டு இறுக்கும் பீடுலாக் ரிம் உள்ளவர்கள் இன்னும் கீழே போகிறார்கள். ஆனால் கடலோர வண்டிக்கு அதை விற்கும் முன் யோசியுங்கள்: மாமல்லபுரம், கோவளம் பக்கத்து உப்புக்காற்றில் அந்தப் போல்ட்டுகள் துருப்பிடிக்கும், அடிக்கடி கழற்றிப் பார்த்து இறுக்க ஆள் வேண்டும்.

இரண்டு விதிகள். காற்றைக் குளிர்ந்த டயரில் அளக்க வேண்டும். சித்திரை வெயிலில் ஓடிவந்த டயர் பொய்க்கணக்கு காட்டும். குறைத்த காற்றோடு வேகமாகப் போகக் கூடாது. தார்ச்சாலை ஏறுமுன் திரும்ப நிரப்ப வேண்டும். ஆகவே டயர் வாங்குகிறவரிடம் ஒரு நல்ல ஏர் கேஜும் சிறிய கம்ப்ரசரும் சேர்த்து விற்றால் அது அவருக்கும் நல்லது, கடைக்கும் நல்லது. டயரின் பட்ஜெட் இடித்தால் அலாயைக் குறைக்கச் சொல்லுங்கள், கம்ப்ரசரைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

6. சட்டம் தெரியாத ஆலோசனை ஆபத்து

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் அம்சங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. பெரிய டயர், லிஃப்ட் கிட் கேட்பவருக்கு முதலில் இதைச் சொல்லுங்கள். காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். கம்பெனி அதே மாடலுக்கு வேறு ரகத்தில் கொடுத்த அளவுக்குள் நிற்பது பாதுகாப்பான வழி.

டிரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போன டயரைச் சாலையில் ஓட்டக் கூடாது. டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. “வெளிநாட்டுச் சரக்கு, மலிவு” என்று வருவதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கி அடுக்காதீர்கள்.

எங்கே ஓட்டலாம் என்றும் கேட்பார்கள். மாமல்லபுரத்துப் பாறைகள் அதற்கல்ல. 1984 முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ள அந்தச் சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. கடற்கரை மணலும் வேண்டாம்; ஏறக்குறைய ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. குவாரிக்குள் நுழைய உரிமையாளரின் அனுமதி வேண்டும். சொந்த நிலம், ஏற்பாடு செய்யப்பட்ட பயிற்சித் தடம், இரண்டும் போதும்.

7. பட்டறையில் உயிர் முக்கியம்

வால்வு ஊசியைக் கழற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றாமல் டயரை ரிம்மிலிருந்து பிரிக்காதீர்கள். புது டயரின் விளிம்பு ரிம்மில் உட்காரவில்லை என்றால் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏற்றாதீர்கள். காற்றை இறக்கி, விளிம்பில் மறுபடி சோப்புக் கரைசல் தடவித் திரும்ப முயலுங்கள். பெட்ரோலோ ஸ்பிரேயோ அடித்துத் தீ வைத்து விளிம்பை உட்காரவைக்கும் வித்தையை யார் சொல்லிக்கொடுத்தாலும் கற்காதீர்கள். குவாரி லாரிகளின் பல துண்டு ரிம்முக்குக் கூண்டு இல்லாமல் காற்றடிக்கக் கூடாது. வளையம் தெறித்தால் ஆள் பிழைப்பது அரிது. நட்டுகளை டார்க் ரெஞ்ச்சில் இறுக்கி, 100 கி.மீ. ஓடுவதற்குள் மறுபடி வரச் சொல்லுங்கள்.

வேலை கேட்டுப் போகும் கடையில் கூண்டும் டார்க் ரெஞ்ச்சும் இருக்கின்றனவா என்று நீங்களும் கவனியுங்கள். முதலாளி உங்களைச் சோதிப்பதுபோல் நீங்களும் கடையைச் சோதிக்கலாம்.

8. படிப்பும் படிக்கட்டும்

பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகள் உள்ளன. முடித்ததும் அப்ரண்டிஸாகச் சேருங்கள். உதவித்தொகையோடு பெரிய ஆலையின் ஒழுங்கைக் கற்கும் வாய்ப்பு அது. டிப்ளமோ முடித்தவர் சோதனை வண்டித் தொழில்நுட்பராகவும், டயர் கம்பெனியின் கள சேவைப் பிரிவிலும் முயலலாம். ரப்பரின் வேதியியலே பிடித்துப்போனால் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பப் பி.டெக். இருக்கிறது. அங்கிருந்து டயர் வடிவமைப்பு, ரப்பர் கலவைப் பிரிவுகளுக்குப் போகலாம்.

நேர்காணலில் “பாறைக்கு எந்த டயர் நல்லது?” என்று கேட்டால் பிராண்டு பெயரில் பதிலைத் தொடங்காதீர்கள். எந்த வண்டி, எவ்வளவு எடை, எந்த வகைக் கல், மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் தார்ச்சாலை, ரிம் அளவு என்ன, கம்ப்ரசர் இருக்கிறதா என்று வரிசையாகக் கேளுங்கள். பிறகுதான் அளவு, ரகம், சுமை எண், காற்று. இந்த ஆறு கேள்விகளையும் ஓர் அட்டையில் அச்சடித்துக் கடை மேசையில் வையுங்கள். ஒவ்வொரு வாடிக்கையாளரின் பதிலையும், நீங்கள் கொடுத்த டயரையும், ஆறு மாதம் கழித்து அது தேய்ந்த விதத்தையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள். அடுத்த வேலைக்குப் போகும்போது சான்றிதழோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். விவரம் தெரிந்த மேலாளர் முதலில் புரட்டுவது அதைத்தான்.