பாலித்தீன் குடிலுக்குள் சிறைப்படுவது எது?

நியூட்ரினோ ஆய்வகத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் என்று பொட்டிபுரத்தின் பெயரை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். போடிநாயக்கனூருக்கு அருகே, மலையடிவாரத்தில் உள்ள ஊர் அது. மேற்கே மலை ஏறினால் குளிர்ந்த ஏலத் தோட்டங்கள்; அடிவாரத்திலோ நல்ல வெயில்.

அவ்வூரில் உங்கள் வீட்டுக் கொல்லையில் தக்காளி நாற்று வளர்ப்பதாக வைத்துக்கொள்வோம். மூங்கில் பிளாச்சுகளை வில்லாக வளைத்து ஊன்றி, மேலே பாலித்தீன் தாளைப் போர்த்தி, இரு முனைகளையும் மூடிவிட்டுப் பள்ளிக்குச் செல்கிறீர்கள். மாலையில் வந்து பார்த்தால் நாற்றுகள் வெந்து துவண்டு கிடக்கின்றன! காரணம் என்ன?

பழைய விளக்கம்

"சூரிய ஒளி உள்ளே நுழைந்து மண்ணைச் சூடாக்குகிறது. சூடான மண் அகச்சிவப்புக் கதிர்களை வெளியிடுகிறது. மூடி அவற்றை வெளியே விடுவதில்லை. ஆகவே உள்ளே வெப்பம் சேர்கிறது." பசுமை இல்லத்தைப் பற்றிப் பல நூல்கள் இவ்வாறுதான் கூறுகின்றன. மண் வெளியிடும் கதிரின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான். சன்னல் கண்ணாடி அதைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் மெல்லிய பாலித்தீன் தாள் அதில் பெரும்பகுதியை வெளியே விட்டுவிடும். அப்படியானால் உங்கள் குடில் சூடாகியிருக்கக் கூடாதே!

வுட் செய்த சோதனை

1909-ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்பியல் அறிஞர் ராபர்ட் வுட் இதைச் சோதித்தார். கறுப்பு அட்டைப் பெட்டிகள் இரண்டு எடுத்து, ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதை அகச்சிவப்புக் கதிரைத் தடுக்காத பாறை உப்புத் தகட்டாலும் மூடினார். சூரிய ஒளியை முதலில் ஒரு கண்ணாடி வழியே செலுத்தி, பிறகு இரு பெட்டிகளின் மீதும் விழச் செய்தார். இரண்டும் ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸை எட்டின. வேறுபாடு ஒரு டிகிரிகூடத் தேறவில்லை!

அப்படியானால் முக்கியமாகச் சிறைப்பட்டது கதிர் அன்று, காற்று. திறந்த வெளியில் மண்ணைத் தொட்டுச் சூடான காற்று மேலே எழும். குளிர்ந்த காற்று அவ்விடத்திற்கு வரும். இந்த வெப்பச் சலனத்தை மூடி தடுத்துவிடுகிறது.

ஒரு கணக்கு

குடிலின் நீளம் 4 மீட்டர், அகலம் 1 மீட்டர், வளைவு அரைவட்டம் எனக் கொள்வோம். உள்ளே இருக்கும் காற்று சுமார் 1.8 கிலோகிராம். அதன் வெப்பநிலையை 10 டிகிரி உயர்த்த 18,000 ஜூல் போதும். உச்சி வேளையில் சதுர மீட்டருக்கு 1000 வாட் வீதம் வெயில் விழுகிறது. 4 சதுர மீட்டரில் 4000 வாட். அதில் 640 வாட் மட்டுமே காற்றைச் சூடாக்கினாலும், 28 விநாடியில் 10 டிகிரி ஏறிவிடும்! தாள் வழியே வெப்பம் கசிவதால் இது இதே வேகத்தில் தொடராது. ஆனாலும் மூடிய குடில் எவ்வளவு விரைவில் அடுப்பாகும் என்பது தெரிகிறதல்லவா?

இரவில் நிலைமை வேறு. வெயில் இல்லை, மண்ணின் கதிர் தாளைக் கடந்து வானுக்குப் போய்விடுகிறது. தெளிந்த, காற்றசையாத இரவில் குடிலின் உட்புறம் வெளியைவிடச் சற்றே குளிர்ந்து போவதும் உண்டு.

என்ன செய்யலாம்?

அடிவாரத்தில் நமக்கு வேண்டியது கூடுதல் வெப்பமன்று. மழையடியிலிருந்தும் கடும் வெயிலிலிருந்தும் பாதுகாப்பு. எனவே தாளை மேலே மட்டும் போர்த்தி, பக்கங்களைத் திறந்து வையுங்கள். கோடையில் நிழல்வலையே போதும். உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். ஆகவே ஏல மலையில் குளிர்காலக் காலையில் குடில் மூடியிருக்கலாம். வெயில் ஏறியதும் முனைகளைத் திறந்தாக வேண்டும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும்.

ஓர் எச்சரிக்கை. "அப்படியானால் பூமி சூடாவதும் பொய்யா?" என்று கேட்டுவிடாதீர்கள். வளிமண்டலத்தில் நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிரை உண்மையாகவே உட்கவர்கின்றன. "பசுமை இல்ல விளைவு" என்ற பெயர்தான் அதற்கு அவ்வளவாகப் பொருந்தவில்லை.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரு அட்டைப் பெட்டிகளின் உள்ளே கறுப்புத் தாள் ஒட்டி, இரண்டையும் பாலித்தீனால் மூடுங்கள். ஒன்றின் எதிரெதிர்ப் பக்கங்களில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாகத் துளையிடுங்கள். வெப்பமானிகளின் குமிழ்மீது வெயில் நேரே படாதவாறு அட்டைத் துண்டால் மறையுங்கள். வெயிலில் வைத்து, ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் வரையுங்கள். பிறகு துளைகள் இரண்டையும் கீழேயே போட்டுப் பாருங்கள். விடை மாறுகிறதா? ஏன்?