டூரிங் பைக்குக்கு விண்ட்ஷீல்டு தேர்ந்தெடுத்தல்

மோட்டார் சைக்கிள் ஓட்டுபவரின் உடம்பில் மோதும் காற்றின் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் நெஞ்சில் படும் விசை 120 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகிவிடும். ஊருக்குள் ஓட்டும்போது யாரும் கவனிக்காத விண்ட்ஷீல்டு, நான்குவழிச் சாலையில் நாள் முழுக்க ஓட்டுபவருக்கு இன்றியமையாத பாகமாவது இதனால்தான். வண்டியோடு கம்பெனி தரும் விண்ட்ஷீல்டு எல்லா உயரக்காரர்களுக்கும் பொதுவாக வடிவமைக்கப்படுகிறது. ஐந்தரை அடி உயரமுள்ளவருக்கு அமைதியாக இருக்கும் ஒன்று, ஆறடிக்காரரின் ஹெல்மெட்டை ஓயாமல் குலுக்கலாம். ஆகவே வெளிக்கடையில் வேறொன்றைத் தேடுபவர், வண்டியின் மாடலோடு தன் உட்கார்ந்த உயரத்தையும் ஹெல்மெட்டையும் சேர்த்தே கணக்கில் எடுக்க வேண்டும்.

விண்ட்ஷீல்டு காற்றைக் கிழித்துச் செல்லும்போது அதன் பின்புறத்தில் அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் காற்று சுழன்று உள்ளே பாய்கிறது. மேல் விளிம்பைத் தாண்டும் காற்றும் சுழல் சுழலாகவே பிரிகிறது. இந்தச் சுழல்கள் ஹெல்மெட்டில் மோதுவதுதான் தலையை ஆட்டி, பார்வையை மங்கவைத்து, காதுக்குள் உறுமலாகக் கேட்கிறது. விண்ட்ஷீல்டே இல்லாத வண்டியில் தலைக்கு வரும் காற்று வலுவானது என்றாலும் சீரானது. பொருந்தாத விண்ட்ஷீல்டு அதைவிட மோசம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஹெல்மெட்டுக்குள் சத்தம் 90 டெசிபெல்லைத் தாண்டிவிடுவதால், எந்த விண்ட்ஷீல்டு மாட்டினாலும் காதடைப்பான் தேவை.

பணம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய சோதனைக்குச் செலவே இல்லை. காற்றும் போக்குவரத்தும் அதிகமில்லாத நேரத்தில், வழக்கமான டூரிங் வேகத்தில் போகும்போது, முதுகைச் சற்றே வளைத்துத் தலையைத் தாழ்த்திப் பார்க்க வேண்டும். சத்தம் சட்டென்று அடங்கினால் இன்னும் உயரமான விண்ட்ஷீல்டு உதவும். எவ்வளவு தாழ்த்தினால் அடங்குகிறதோ, ஏறத்தாழ அவ்வளவு உயரம் கூடுதலாக வேண்டும். அடுத்து, இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்து பார்க்க வேண்டும். தலை மேலே போனதும் காற்று சீராகி உறுமல் நின்றால், இப்போது இருப்பதைவிடக் குட்டையானதே பொருந்தும். உயரத்தைக் கூட்டுவது ஒன்றே தீர்வு என்று நம்பி வாங்குபவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவது பாதியைத்தான். இரண்டிலும் மாற்றம் தெரியாவிட்டால், காற்று கீழிருந்து, அதாவது ஃபோர்க்குக்கும் டேங்குக்கும் இடையிலிருந்து, மேலேறி வரக்கூடும். அதற்கு ஃபோர்க்கின் பக்கங்களில் மாட்டும் சிறிய தடுப்புகள் உதவும். அட்வென்ச்சர் ஹெல்மெட் போடுபவர் முதலில் அதன் முன்நீட்டலைக் கழற்றிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. பலருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடுகிறது.

உயரத்தை அளக்கும்போது ஹெல்மெட், ஜாக்கெட் எல்லாம் போட்டு, சாலையில் உட்காரும் அதே சாய்வில் உட்கார வேண்டும். மேல் விளிம்பு மூக்குக்கும் மோவாய்க்கும் இடைப்பட்ட மட்டத்தில் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரிப்படும். பார்வை விளிம்புக்கு மேலாகப் போகவேண்டும். விண்ட்ஷீல்டின் வழியாகப் போகக்கூடாது. இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. மழை பெய்தால் விண்ட்ஷீல்டைத் துடைக்க வைப்பர் கிடையாது. இரவில் எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் ஒவ்வொரு கீறலிலும் சிதறிக் கண்ணைக் கூசவைக்கும். நிறமேற்றிய விண்ட்ஷீல்டு அழகுக்கு வாங்கப்படுவது. அதன் வழியாகப் பார்த்து இரவில் ஓட்டுவது ஆபத்து.

உயரத்தைவிட இடைவெளி எவ்வளவு முக்கியம் என்பதற்கு சுஸுகி வி-ஸ்ட்ராம் 650 நல்ல உதாரணம். 2004-இல் வெளிவந்த இந்த வண்டி இன்ஜினுக்காகப் பாராட்டப்பட்ட அளவுக்கு, தலையைக் குலுக்கும் காற்றுக்காகவும் பேசப்பட்டது. உயரமான விண்ட்ஷீல்டு மாட்டிய பலருக்குக் குலுக்கல் கூடத்தான் செய்தது. விண்ட்ஷீல்டை முன்னே தள்ளி, அதன் அடிப்பகுதிக்கும் முகப்புக்கும் இடையே காற்று நுழைய வழிவிட்டபோதுதான் பலருக்கு நிம்மதி கிடைத்தது. அந்த வழியாக வரும் காற்று பின்புறத்து அழுத்தக் குறைவை நிரப்பிவிடுகிறது. அமெரிக்காவின் மேட்ஸ்டாட் தயாரிக்கும், உயரத்தையும் சாய்வையும் மாற்றக்கூடிய பிராக்கெட்டுகள் இந்த அடிப்படையில் அமைந்தவை. ஜெர்மனியின் எம்.ஆர்.ஏ. நிறுவனம் மேல் விளிம்பில் அசைக்கக்கூடிய சிறு தகட்டை வைக்கிறது. இத்தாலியின் ஜிவி, இரு பாகங்களாக மேலும் கீழும் நகரும் வகையை விற்கிறது. முதல்முறை வாங்குபவருக்கு, நிலையான உயரமுள்ளதைவிட இப்படி மாற்றியமைக்க முடிந்ததே பாதுகாப்பான முதலீடு.

பொருத்தும் இடமும் கவனிக்க வேண்டியது. ஃபேரிங்கிலோ சட்டகத்திலோ நிலையாக நிற்கும் விண்ட்ஷீல்டு ஸ்டியரிங்கைத் தொந்தரவு செய்யாது. ஹேண்டில்பாரில் மாட்டும் பெரிய விண்ட்ஷீல்டு, பக்கக் காற்றையும் பஸ் கடந்துபோகும்போது வரும் அடியையும் நேரே ஸ்டியரிங்குக்குக் கடத்திவிடும். அங்கே அளவான ஒன்றே போதும். மாட்டியதும் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டேங்கிலோ கேபிளிலோ இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பொருளில் இரண்டு வகை உண்டு. அக்ரிலிக் தெளிவானது, விலை குறைவு. கல் பட்டால் உடையும். பாலிகார்பனேட் அடியை வெகுவாகத் தாங்கும். ஆனால் எளிதில் கீறல் விழும் என்பதால் கடினப் பூச்சு உள்ளதையே வாங்க வேண்டும். லாரிகளுக்குப் பின்னே சரளை தெறிக்கும் நம் சாலைகளுக்கு அதுவே ஏற்றது. இரண்டுக்குமே அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரும் பெட்ரோலும் எதிரி. ஸ்க்ரூ கழலாமல் இருக்கப் போடும் திரவப் பசைகூடப் பிளாஸ்டிக்கில் நுண்விரிசலை உண்டாக்கும். ஸ்க்ரூக்களை ரப்பர் வாஷரோடு, கையால் அளவாக முடுக்க வேண்டும். காய்ந்த பூச்சிகளைத் தேய்க்காமல், ஈரத்துணியைச் சிறிது நேரம் மேலே போட்டு ஊறவைத்தால் தாமாகவே கழன்று வரும்.

வெயில் காலத்தில் பெரிய விண்ட்ஷீல்டு தொல்லை தரும். மே மாதத்தில் திருச்சி சாலையில் நெஞ்சுக்குக் காற்று வராமல் போனால் களைப்பு சீக்கிரம் வரும். குளிரும் மழையும் உள்ள பயணங்களுக்கு உயரமானதையும் கோடைக்குக் குட்டையானதையும் மாற்றி மாற்றி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். பின்னால் உட்காருபவரிடமும் கேட்க வேண்டும். ஓட்டுபவரின் தலையைத் தாண்டிய சுழல் அவர் தலையில் போய் இறங்குவது உண்டு.

முழு விலை கொடுப்பதற்கு முன், அதே விண்ட்ஷீல்டு மாட்டிய ஒருவரின் வண்டியைக் கேட்டு வாங்கி, உங்கள் ஹெல்மெட்டோடு நெடுஞ்சாலையில் கால் மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அது முடியாவிட்டால், திருப்பி எடுத்துக்கொள்ளச் சம்மதிக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள்.