வலியின் பத்தும் வாயின் பத்தும்

“இன்னும் வலி பத்தலை, நேரம் ஆகும்.” பிரசவ வார்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பெண்ணின் முகத்தையும் முனகலையும் வைத்துப் பிரசவம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று கணிக்கும் பழக்கம் ஆபத்தானது.

நம்பிக்கை: கத்தாத பெண்ணுக்கு நேரம் நெருங்கவில்லை.

உண்மை: வலியைத் தாங்கும் விதம் ஆளுக்கு ஆள் மாறும். பயம், களைப்பு, முந்தைய பிரசவ அனுபவம், குழந்தை கிடக்கும் விதம் எல்லாம் வலியைக் கூட்டும், குறைக்கும். கருப்பை வாய் 3 செ.மீ. திறந்தபோதே துடிப்பவர்கள் உண்டு, 8 செ.மீ. வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. குழந்தையின் பின்தலை தாயின் முதுகுப் பக்கம் இருந்தால் இடுப்பு வலி உயிரை எடுக்கும். பிரசவமோ மெதுவாக நகரலாம்.

நம்பிக்கை: வலிக்கு 10-க்கு எத்தனை என்று கேட்டால் நிலைமை தெரிந்துவிடும்.

உண்மை: வலியின் 10 வேறு, கருப்பை வாய் விரியும் 10 செ.மீ. வேறு. நிலைமையை அறிய, மருத்துவரும் செவிலியரும் வயிற்றில் கை வைத்து, 10 நிமிடத்தில் எத்தனை முறை கருப்பை இறுகுகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நீடிக்கிறது என்று எண்ணுவார்கள். கருப்பை வாயின் விரிவையும் தலை இறங்குவதையும் சோதிப்பார்கள். குழந்தையின் இதயம் நிமிடத்துக்கு 110 முதல் 160 முறை துடிக்கிறதா என்று கேட்பார்கள். பிரசவம் வேகமெடுக்கும் கட்டம் 5 செ.மீ. விரிவில் தொடங்குகிறது என்பது 2018-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வரையறை.

நம்பிக்கை: சீரகக் கஷாயத்தில் நின்றால் சூட்டு வலி, நிற்காவிட்டால் பிரசவ வலி.

உண்மை: சூட்டு வலி எனப்படும் பொய் வலி ஓய்விலும் தண்ணீர் குடித்தாலும் தானாகவே அடங்கும், பெயர் கஷாயத்துக்குப் போகிறது. நிஜ வலி சீராக வரும். இடைவெளி குறையும், நீடிக்கும் நேரம் கூடும். ஆகவே கடிகாரத்தைப் பாருங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, 37 வாரத்துக்கு முன்பே சீரான வலி வந்தாலோ கஷாயத்துக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

நம்பிக்கை: வலி கூடக் கூட நல்லது.

உண்மை: பிரசவ வலி வந்து வந்து போகும், இடையில் வயிறு தளரும். தளராமல் வயிறு கல்லாக இறுகி விடாது வலித்தால், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்திருக்கலாம். முன்பு சிசேரியன் ஆனவருக்கு இழுத்துக்கொண்டிருந்த வலி சட்டென்று நின்றுபோனால், கருப்பையில் உள்ள பழைய தழும்பு விட்டிருக்கலாம். இரண்டையும் அந்த நொடியே சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை: எபிடியூரல் (முதுகில் போடும் வலி நிவாரண ஊசி) போட்டால் பிரசவத்தின் போக்கு தெரியாது, சிசேரியனில் முடியும்.

உண்மை: மேலே சொன்ன எந்தச் சோதனைக்கும் வலி தேவையில்லை. எபிடியூரலால் சிசேரியன் கூடுவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. முக்கும் நேரம் சற்று நீளலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பிரசவக் கண்காணிப்புப் படிவத்தில் வலி நிவாரணத்துக்கு ஓர் இடம் உண்டு. அது முன்னேற்றத்தைக் குறிக்கும் பகுதியில் இல்லை. கூடத் துணைக்கு ஆள் இருக்கிறாரா, குடிக்கக் கொடுத்தீர்களா என்று கேட்கும் பராமரிப்புப் பகுதியில் இருக்கிறது. “வலிக்குதாம்மா?” என்று நாம் கேட்க வேண்டியதும் அந்தப் பராமரிப்புக்காகத்தான்.