மரமேறும் வேட்டை விலங்கு

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கர் தீவு அமைந்துள்ளது. இத்தீவின் காடுகளில் சிங்கமோ சிறுத்தையோ ஓநாயோ இல்லை. ஆயினும், மரக்கிளைகளில் தாவித் திரியும் லெமூர்கள் அங்கே அச்சமின்றி வாழ முடிவதில்லை. அவற்றைத் தரையில் மட்டுமன்றி மரத்தின் மேலும் துரத்திப் பிடிக்கும் விலங்கு ஒன்று அக்காடுகளில் உண்டு. அதன் பெயர் ஃபோசா.

மடகாஸ்கருக்கே உரிய ஊனுண்ணி விலங்குகளுள் ஃபோசாவே மிகப் பெரியது. இருப்பினும், அதன் எடை பொதுவாக 5 முதல் 9 கிலோகிராம் வரைதான் இருக்கும். செம்பழுப்பு நிற உரோமமும் நீண்ட வாலும் கொண்ட அது, பார்ப்பதற்குப் பெரிய பூனையைப் போலத் தோன்றும். ஆனால், அது பூனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; கீரிக்கு நெருங்கிய உறவுடையது.

ஃபோசா எதை உண்கிறது என்பதைக் கண்டறிவது எளிதன்று. அது அடர்ந்த காட்டில் பெரும்பாலும் தனியாகவே திரியும். ஆகவே, ஆய்வாளர்கள் அதன் எச்சத்தைச் சேகரித்து, அதிலுள்ள எலும்பு, பல், உரோமம் ஆகியவற்றை ஆராய்கின்றனர். தீவின் மேற்குப் பகுதியில் உள்ள கிரிண்டி காட்டில் நடைபெற்ற ஆய்வில், அதன் உணவில் பாதிக்கும் மேற்பட்டவை லெமூர்கள் எனத் தெரியவந்தது. முள்ளெலியைப் போன்ற டென்ரெக், எலி, பறவை, பல்லி, பாம்பு, தவளை, பூச்சி ஆகியவற்றையும் அது உண்ணும்.

மரத்தில் வாழும் இரையைப் பிடிப்பதற்கு ஏற்ற உடலமைப்பை ஃபோசா பெற்றுள்ளது. வீட்டுப் பூனை மரத்தில் ஏறிவிட்டால், இறங்கும்போது பின்புறமாகச் சறுக்கித் தடுமாறும். ஃபோசாவோ தலைகீழாகவே இறங்கிவிடும். நன்கு வளைந்து திரும்பும் கணுக்கால்களால் அது அடிமரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அதன் கூரிய நகங்கள் மரப்பட்டையில் பதியும். ஏறக்குறைய உடலளவு நீண்ட வால், கிளைவிட்டுக் கிளை தாவும்போது சமநிலையைக் காக்க உதவும். இரையை முன்னங்கால்களால் பிடித்து, அதன் பின்தலையைக் கடித்துக் கொல்லும். மேலும், ஃபோசா பகல், இரவு என்ற வேறுபாடின்றி வேட்டையாடும். அதனால், பகலில் நடமாடும் லெமூர்களுக்கும் இரவில் நடமாடும் லெமூர்களுக்கும் அதனால் ஆபத்து உண்டு.

தனித்து வாழும் இவ்விலங்கு சில வேளைகளில் கூட்டாகவும் வேட்டையாடுகிறது. மூன்று ஆண் ஃபோசாக்கள் சேர்ந்து ஒரு சிஃபாக்கா லெமூரை வேட்டையாடியதைக் கிரிண்டி காட்டில் ஆய்வாளர்கள் நேரில் கண்டனர். மரத்துக்கு மரம் தாவிய அந்த லெமூரை அவை ஏறக்குறைய 45 நிமிடங்கள் துரத்தின. இறுதியில், பிடித்த இரையைப் பகிர்ந்து உண்டன. இச்செய்தி 2010ஆம் ஆண்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது.

இத்தகைய திறன்மிக்க வேட்டை விலங்கின் வாழ்வு இன்று கேள்விக்குறியாகியுள்ளது. விளைநிலத்துக்காகவும் விறகுக்கரிக்காகவும் மடகாஸ்கரின் காடுகள் அழிக்கப்படுகின்றன. மரங்கள் மறையும்போது லெமூர்களும் குறைகின்றன. இரை கிடைக்காத ஃபோசா ஊருக்குள் நுழைந்து கோழிகளைக் கவ்விச் செல்கிறது. ஏழைக் குடும்பத்துக்குக் கோழி உணவாகவும் வருமானமாகவும் விளங்குகிறது. எனவே, கோழியை இழந்தவர்கள் ஃபோசாவைக் கொன்றுவிடுகின்றனர். அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஃபோசாவை அழியும் அபாயத்துக்கு உள்ளான விலங்குகளின் பட்டியலில் சேர்த்துள்ளது.

ஃபோசாவைக் கொல்லக் கூடாது என்று தடை விதித்தால் மட்டும் இச்சிக்கல் தீர்ந்துவிடாது. கோழிகளுக்குப் பாதுகாப்பான கூண்டு வேண்டும். லெமூர்களுக்கு மரங்கள் வேண்டும். காட்டிலேயே இரை கிடைத்தால், ஃபோசா ஊரை நாடி வர வேண்டிய தேவை குறையும்.