மரம் இருக்கும் இடத்துக்கே ரம்பம்

மைசூரில் ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை வரும். மழைக்கு முன்னால் காற்று வரும். அந்தக் காற்றில் பழைய மரங்கள் விழும்.

மண்டி மொஹல்லாவில் ஒரு வீட்டின் பின்னால் மாமரம் விழுந்தது என்று வைத்துக் கொள்வோம். நன்றாகப் பருத்த மரம். அறுத்தால் பலகை கிடைக்கும். பெஞ்சு செய்யலாம், பெட்டி செய்யலாம். ஆனால் மரத்தை மில்லுக்கு எப்படிக் கொண்டு போவது? சந்து குறுகல். லாரி வராது. கிரேனும் வராது. துண்டு துண்டாக வெட்டி எடுத்தால் விறகுதான் மிஞ்சும்.

மரம் மில்லுக்குப் போக முடியாது. மில் மரத்திடம் வரலாம் அல்லவா? அதுதான் நடமாடும் ரம்பம்.

இது புதிய யோசனை இல்லை. நம் தாத்தா காலத்தில் மரம் அறுப்பவர்கள் ஊர் ஊராகப் போனார்கள். மரம் விழுந்த இடத்திலேயே குழி வெட்டுவார்கள். குழிக்கு மேல் கட்டையை வைப்பார்கள். ஒருவர் மேலே நிற்பார். இன்னொருவர் குழிக்குள் நிற்பார். நீளமான ரம்பத்தை மேலும் கீழும் இழுப்பார்கள். கோடு பிசகாமல் பார்ப்பது மேலே நிற்பவர் வேலை. கீழே நிற்பவர் கண்ணில் தூள் விழும். பக்கத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தரியா தௌலத் மாளிகை இருக்கிறது. திப்பு சுல்தான் 1784இல் கட்டியது. அங்கே தேக்குத் தூண்களைப் பார்க்கலாம். அன்று எந்திர மில் ஏது? எல்லாம் கை ரம்பம்தான்.

இன்று எந்திரம் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1982இல் தொடங்கிய வுட்-மைசர் நிறுவனம் வண்டியில் இழுத்துப் போகும் பட்டை ரம்பம் செய்கிறது. ஆஸ்திரேலியாவின் லூகாஸ் மில் வேறு மாதிரி. அதில் கட்டை தரையில் கிடக்கும். ரம்பம்தான் அதன் மேல் நகரும். நம் பக்கம் சங்கிலி ரம்பத்தில் ஒரு சட்டத்தைப் பூட்டிப் பலகை அறுப்பவர்களும் உண்டு.

பட்டை ரம்பத்தில் ஒரு லாபம் உண்டு. வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்பிலும் சுமார் 6 மில்லிமீட்டர் மரத்தைத் தூளாக்கும். மெல்லிய பட்டை ரம்பம் சுமார் 2 மில்லிமீட்டர்தான் தின்னும். ஓர் அடி கனமுள்ள சதுரக் கட்டையை ஓர் அங்குலப் பலகைகளாக அறுப்போம். வட்ட ரம்பத்தில் 9 பலகை வரும். பட்டை ரம்பத்தில் 11 பலகை வரும். இரண்டு பலகை சும்மா கிடைக்கிறது!

இதைக் கேட்டதும் கடன் வாங்கி எந்திரம் வாங்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

மரம் அறுக்கும் மில் வைக்க வனத்துறை உரிமம் வேண்டும். நம் ஊட்டி ரோட்டில் கூடலூர் இருக்கிறது. அந்தப் பக்கத்துக் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாட் என்பவர் 1995இல் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிமன்றம் உத்தரவு போட்டது. மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் காட்டுக்குள் எந்த மில்லும் ஓடக் கூடாது என்றது. 2002இல் புதிய மில்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. 2016இல் மத்திய அரசு புதிய வழிமுறைகளை வெளியிட்டது. ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு குழு பார்த்து அனுமதி தரும் என்று ஆக்கியது.

"என் மில்லுக்குச் சக்கரம் இருக்கிறது, எனக்கு எதற்கு உரிமம்?" என்று நினைக்க வேண்டாம். எந்திரம் வாங்கும் முன்பே வன அலுவலகத்தில் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். உரிமம் இல்லை என்று எந்திரத்தைப் பிடித்துவிட்டால் கடன் மட்டும் நம் தலையில் நிற்கும்.

மரத்துக்கும் சட்டம் உண்டு. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொந்த வீட்டு மரம் என்றாலும் வெட்ட மர அலுவலரின் அனுமதி வேண்டும். தென்னை, சவுக்கு, சில்வர் ஓக் போன்ற சில மரங்களுக்கு விலக்கு உண்டு. விழுந்த மரம் என்றாலும் சொல்லிவிட்டு அறுப்பது நல்லது. சந்தனம் என்றால் கையே வைக்காதீர்கள்.

இனி வேலைக்கு வருவோம். மாமரத்து வீட்டு அம்மா போன் செய்கிறார். ரம்பக்காரர் உடனே கிளம்பவில்லை. முதலில் கேட்கிறார்.

"எங்கேம்மா கிடக்குது மரம்?"

"வீட்டுக்குப் பின்னாடி, தம்பி. ஒரு ஆள் போற சந்துதான்."

"கரண்டு கம்பி ஏதாவது மேல கிடக்குதா?"

"இல்லப்பா. கம்பி அந்தப் பக்கம்."

"துணி காயப்போட மரத்துல ஆணி அடிச்சீங்களா?"

"ரெண்டு மூணு இருக்கும். பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் கட்ட ஒரு கொக்கி போட்டோம். அது மரத்துக்குள்ளேயே போயிடுச்சு."

நல்ல கேள்விகள். ஒவ்வொன்றிலும் காசு இருக்கிறது, உயிரும் இருக்கிறது.

கம்பி விழுந்திருந்தால் முதலில் மின்சாரம் நிற்க வேண்டும். சாமுண்டேஸ்வரி மின் நிறுவனத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்த்த பிறகுதான் ரம்பம்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னோர் ஆபத்து உண்டு. அடிமரத்தை வெட்டியதும் வேரும் மண்ணும் சேர்ந்த பகுதி திடீரென்று நிமிரும். பழைய குழிக்குள் போய் விழும். அந்தக் குழியில் பிள்ளைகள் விளையாடிக் கொண்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது. வெட்டும் முன் அந்தக் குழிப் பக்கம் ஒருவரும் இல்லை என்று பார்க்க வேண்டும்.

கொக்கி விஷயம் வேடிக்கையானது. மரம் உயரமாக வளரும்போது ஆணியும் மேலே போகும் என்று பலர் நினைக்கிறார்கள். போகாது. மரம் நுனியில்தான் உயரும். அடியில் பருக்க மட்டும் செய்யும். அதனால் ஆணி அடித்த உயரத்திலேயே நிற்கும். சுற்றிலும் மரம் வளர்ந்து அதை மூடிவிடும். ஆகவே தரையிலிருந்து ஆள் உயரம் வரை இரும்புக்கு அதிகம் பயப்பட வேண்டும். ஆனால் அகலமான பலகை கிடைப்பதும் அதே அடிமரத்தில்தான். தொல்லையும் லாபமும் ஒரே இடத்தில்!

துவர்ப்புள்ள மரங்களில் இரும்பு இருந்தால் கறுநீலக் கறை படியும். கட்டையின் வெட்டிய முகத்தில் அதைத் தேடிப் பாருங்கள். இரும்பைக் காட்டும் சிறு கருவியும் கடையில் கிடைக்கிறது. ஒரு பிளேடு போனால் அன்றைய கூலி போச்சு. பல் தெறித்தால் கண்ணும் போகலாம்.

எல்லா மரமும் ஒரே குணம் இல்லை. நாம் நீலகிரி மரம் என்கிறோமே, தமிழ்நாட்டில் தைல மரம் என்பார்கள். அதன் உள்ளே இழுவிசை அதிகம். அறுக்கும்போதே பலகை வளையும், முனை வெடிக்கும். ஒரு பக்கமே அறுக்காமல் கட்டையைத் திருப்பித் திருப்பி அறுக்க வேண்டும். தென்னையில் வெளிப்பக்கம் இரும்பு, உள்பக்கம் பஞ்சு. பிளேடு சீக்கிரம் மழுங்கும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டைப் பக்கம் லட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. அத்தனை மரத்தையும் அகற்றுவதே விவசாயிகளுக்குப் பெரும் பாடாகிவிட்டது. மாமரம் அறுக்கச் சுலபம். ஆனால் காத்திருக்காது. நாள் கடந்தால் பூஞ்சை பிடிக்கும், வண்டு துளைக்கும்.

இப்போது கூலிக் கணக்கு. மரக்கடையில் கட்டையை இப்படி அளப்பார்கள். நடுவில் சுற்றளவை அங்குலத்தில் எடு. நான்கால் வகு. வந்ததை அதே எண்ணால் பெருக்கு. நீளத்தை அடியில் பெருக்கு. 144ஆல் வகு. கன அடி வரும்.

நம் மாமரத்தின் சுற்றளவு 48 அங்குலம். நீளம் 10 அடி. 48ஐ நான்கால் வகுத்தால் 12. 12 பெருக்கல் 12, 144. அதைப் பத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 10 கன அடி.

கன அடிக்கு 100 ரூபாய் என்று பேசினால் 1,000 ரூபாய் வரும். செலவு? உதவி ஆளுக்கு 800. வண்டிக்கு 400. பெட்ரோல் 300. மொத்தம் 1,500. ரம்பக்காரரின் சொந்த உழைப்பை இன்னும் சேர்க்கவே இல்லை! அறுக்க இரண்டு மணி நேரம்தான் ஆனது. எந்திரத்தைச் சந்துக்குள் தூக்கி, கட்டையை நெம்பித் திருப்பி நிறுத்தத்தான் பகல் முழுதும் போனது. எளிய வேலைக்குக் கன அடிக் கணக்கு சரி. இப்படிப்பட்ட வேலைக்கு மணிக் கணக்கில் பேசுவதே நியாயம் என்று எனக்குப் படுகிறது. வீட்டு அம்மாவுக்கும் அதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

பலகையை வெயிலில் போட்டு அது வளைந்தாலும் பழி ரம்பக்காரர் மேல்தான் வரும். ஆகவே வேலைக்கு முன் ஒரு சீட்டு எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவது நல்லது. இப்படி எழுதலாம்:

"ஒரு மாமரம். ஓர் அங்குலப் பலகையாக அறுக்க வேண்டும். கூலி மணிக் கணக்கு, மணிக்கு ரூ. ____. வண்டிச் செலவு தனி. மரத்துக்குள் இரும்பு இருந்து பிளேடு போனால் பிளேடு விலை வீட்டுக்காரர் பொறுப்பு. தூளும் விறகும் வீட்டுக்காரருக்கு. பலகையை நிழலில், இடையில் ரீப்பர் வைத்து அடுக்க வேண்டும். அதன் பிறகு வளைந்தால் ரம்பக்காரர் பொறுப்பு இல்லை. தேதி. கையெழுத்து."

"இதுக்கெல்லாம் சீட்டு எதுக்குத் தம்பி? நான் ஏமாத்துவேனா?" என்று அந்த அம்மா கேட்கலாம். கோபப்படாமல் சீட்டைப் படித்துக் காட்டுங்கள். அவரையே படிக்கச் சொன்னால் இன்னும் நல்லது. அப்படியும் கையெழுத்துப் போட மறுத்தால், கொக்கி இருக்கும் ஆள் உயரத்தை வெட்டி ஒதுக்கிவிட்டு மேல் கட்டையை மட்டும் அறுத்துத் தரலாம். சுவரில் சாய்ந்து, எந்தப் பக்கம் உருளும் என்று தெரியாத மரமா? வேலை வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்:

ஒரு கட்டையின் சுற்றளவு 60 அங்குலம். நீளம் 8 அடி. எத்தனை கன அடி?

உங்கள் வீட்டு மரத்தில் எங்கெங்கே ஆணி இருக்கிறது? தரையிலிருந்து எத்தனை அடி உயரத்தில்? அளந்து நோட்டில் எழுதுங்கள்.